சுட்டுவிரல் நீண்ட ஞாயிறு

ஆள் நல்ல நெட்டை. தொழிலோ சுவருக்கு வர்ணம் அடிப்பது. ஆகவே தெருவில் அவருக்கு ஏணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாற்பது வயதில் பிறந்த ஒரே மகள்மேல் ஏணிக்குக் கொள்ளை ஆசை. பதினாலு மாதமாகியும் அவள் நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து வீட்டைச் சுற்றி வந்தாள்.

"என் பையன் பத்து மாசத்துல ஓடினான்," என்று அவருடைய அக்கா வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். அக்கா தலை மறைந்ததும் அவர் மகளின் காலை நீவி நீவிப் பார்ப்பார்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் செவிலியரிடம் கேட்டேவிட்டார். அந்தம்மா நடையைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

"இன்னும் நாலு மாசம் பாக்கலாம். அது கிடக்கட்டும், பாப்பா உங்களுக்கு எதையாவது விரல் நீட்டிக் காட்டுதா?"

"பிஸ்கட் வேணும்னா கையை நீட்டுவா, சிஸ்டர்."

"அது கேக்கறது. 'அங்க பாருப்பா'ன்னு காட்டறது வேற, பேச்சுக்கு அதுதான் முதல் படி. கவனிச்சுட்டு அடுத்த மாசம் வந்து சொல்லுங்க."

ஏணி திருதிருவென்று விழித்தார். இத்தனை நாளும் மகளின் காலையே பார்த்திருந்தவர், கையைக் கவனித்ததே இல்லை.

அன்றிலிருந்து தினமும் அவளை ஜன்னலருகே தூக்கிப்போய்க் காக்கையைக் காட்டினார், குப்பை லாரியைக் காட்டினார். அவளோ அவர் விரலைப் பிடித்துக் கடித்தாள்.

மூன்றாம் வாரம், ஒரு ஞாயிறு. மனைவி ரொட்டிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். ஊரார் சுவரையெல்லாம் பளிச்சென்று ஆக்கியவருக்குத் தன் படுக்கையறைக்கு வெள்ளை அடிக்க அன்றுதான் நேரம் வாய்த்தது. மகளை அறைக்கு வெளியே, கதவுக்கு நேராக, குழந்தைகளுக்கான உயர நாற்காலியில் இடுப்புப் பட்டை மாட்டி உட்கார வைத்தார். பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. இடுப்பில் கைவைத்து நின்று, "எப்படிடா குட்டி, அப்பா வேலை?" என்றார்.

மகள் எதிர்ச்சுவரின் உச்சியையே பார்த்தாள். பிறகு வலதுகை எழுந்தது. மற்ற விரல்கள் மடங்க, ஒற்றை விரல் மட்டும் நேராக நின்றது.

"தோ," என்றாள்.

ஏணி திரும்பினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சை பல்லிளித்தது. மகளைப் பார்த்தார். அப்பா கவனித்தாரா என்று அவளும் அவரையே பார்த்திருந்தாள். மறுபடி விரல் அங்கேயே போனது.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெயிண்ட் கையோடு போனை எடுத்தார்.

"என்னங்க, நடந்துட்டாளா?" என்றாள் மனைவி.

"நடக்கல. அதைவிடப் பெருசு. விரல் நீட்டிக் காட்டறா. நான் அடிக்காம விட்ட இடத்தைக் காட்டறா. இருபது வருஷத்துல எந்த மேஸ்திரியும் என் வேலையில குறை கண்டதில்ல, இவ கண்டுட்டா."

மறுமுனையில் மனைவி கடை முதலாளியிடம் அவசரமாக விடுப்புக் கேட்பது காதில் விழுந்தது.

"நான் வர்ற வரைக்கும் அந்த இடத்துல அடிச்சுடாதீங்க," என்றாள். "எனக்கும் காட்டட்டும்."

ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தவளுக்கு மகள் சுவரைக் காட்டவே இல்லை. அம்மாவின் புருவத்தில் ஒட்டியிருந்த மாவைக் காட்டினாள். அடுத்து விளக்கு, வாளி, அப்பாவின் காது. சாயங்காலத்துக்குள் வீட்டில் காட்டாத பொருள் பாக்கியில்லை. அவளைத் தூக்கித் தூக்கி ஏணிக்குத் தோள் கழன்றுவிட்டது. முகத்தில் மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

பதினாறாம் மாதம், தான் காட்டிய பூனையை அப்பா கவனிக்கவில்லை என்று, எழுந்து தானே அதை நோக்கி நடந்தாள்.