சிங்காரவேலு விரட்டிய காகங்கள்

எங்கள் பிளாக்கில் சிங்காரவேலுவைப் போல அற்பமான ஆளை நான் பார்த்ததில்லை. சுரங்கத்தில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கான்ட்ராக்ட் ஆட்களை விரட்டியே பழகிய வாய், வீட்டுக்கு வந்தபின் விரட்ட ஆளில்லாமல் தவித்தது. கடைசியில் பறவைகள் கிடைத்தன.

பூங்காவில் பறவைகளுக்குத் தீனி வைக்க ஒரு சிமென்ட் மேடை உண்டு. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து, மைனா சாயலில் இருக்கும் சூறைக்குருவிகள் வரும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட, இவர் உடனே பைனாகுலர் வாங்கிவிட்டார். கார்த்திகையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, பர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி, மனைவி செவ்வந்தியையும் இழுத்துக்கொண்டு போய் மேடைக்கு எதிரே உட்காருவார். தீனிக்கான கம்புத் தானியமும் தண்ணீரும் சுமப்பது அந்த அம்மாள். இவர் எடுத்துப்போவது உண்டிவில். காகம் வந்தால் குருவி வராதாம்.

"காக்காலாம் கான்ட்ராக்ட் லேபர் மாதிரி. ஒண்ணு வந்தா நூறு வரும்" என்று சொல்லிக்கொண்டே கல்லை விடுவார். செவ்வந்தி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டு மாதமாகியும் ஒரு சூறைக்குருவி வரவில்லை. மைனாவைப் படமெடுத்து, இதுதான் அது என்று குழுவில் போட்டு மூக்கறுபட்டதுதான் மிச்சம்.

தை அமாவாசை வந்தது. அவருடைய அம்மா போன ஆடியில்தான் இறந்திருந்தாள். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைத்து மகனைப் படிக்கவைத்தவள். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த அந்தக் கைகளோடு அவள் குவார்ட்டர்ஸுக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று முகம் சுளித்தவர் இவர். செத்தபின் பக்தி பொங்கியது. அம்மா காகமாக வந்து படையல் சோற்றை எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று தெரு முழுக்கச் சொன்னார். ஆனால் குருவியையும் விட மனமில்லை. சோற்றை அந்த மேடையிலேயே வைத்தால் ஒரே டிரிப்பில் இரண்டு வேலையும் முடியுமாம்.

நடைப்பயிற்சிக்குப் போன நான் நின்று பார்த்தேன். செவ்வந்தி இலையில் சோறும் பருப்பும் வடையும் வைத்தார். இவர் கைகூப்பி "கா கா" என்று கூப்பிட்டார். வேப்பமரங்களில் இருபது காகமாவது இருக்கும். இவர் முகத்தைப் பார்த்துக் கத்தினவே தவிர ஒன்றும் இறங்கவில்லை. கல்லெறிந்தவனை அவை மறக்குமா? பத்து மணியானது, பதினொன்றானது. சர்க்கரை நோயாளி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, வந்து எடுத்துக்கம்மா" என்றபோது அவர் குரல் உடைந்தது. எனக்குப் பாவமாக இல்லை.

செவ்வந்தி அவர் அருகில் வந்து நின்றார்.

"நீங்க வூட்டுக்குப் போங்க. நீங்க இருந்தா அத்தை வரமாட்டாங்க. உசுரோட இருந்தப்பவும் நீங்க நைட் ஷிப்ட் போற அன்னிக்குத்தான் வந்து ஒரு வாய் சாப்ட்டுக்கினு போவாங்க."

அது அவருக்கு இதுவரை தெரியாது. எழுந்து நடந்தார். அவர் கேட்டைத் தாண்டியதும் மூன்று காகங்கள் இலைக்கு இறங்கின. செவ்வந்தி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.