முப்பத்து மூன்று டிகிரிக்குக் கீழே

இது நடந்தது. கனவு இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரிகூட இல்லை. வெயில் கொளுத்துகிற மதியம். ஜன்னல் திறந்திருந்தது. கீழே தெருவில் யாரோ பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பேய் என்றால் இருட்டு வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். இந்தக் கதையில் கரண்ட் போகவே இல்லை. போயிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் இயற்பியல் படித்தவள். தெர்மாமீட்டர் காட்டியதையும் என் கை உணர்ந்ததையும் மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தம் வரை போய், நடந்தே திரும்பி வந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்டவள் விமானம் ஓட்ட ஆசைப்பட்டேன். ஒரு பயிற்சிப் பள்ளியில் கட்டணமில்லாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதற்கான தேர்வு சிமுலேட்டரில், அதாவது திரையில் பார்த்தே விமானம் ஓட்டிப் பழகுகிற கருவியில். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது விமானத்தைத் தரையிறக்கிக் காட்ட வேண்டும். தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது.

அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அத்தான் நல்லவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. “பஸ்ல ஸ்டாப்பிங் கேக்கவே இவளுக்கு நாக்கு ஒட்டிக்கும். மேல போய் கன்ட்ரோல் டவர்கிட்ட என்ன பேசுவா? லைன்ல கொர்ர்னு சத்தம்தான் வரும்” என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். அவருடைய நண்பரின் ஆய்வகத்தில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை. விமான இடம் கிடைக்காவிட்டால் மறுவாரமே அங்கே சேர்ந்துவிட வேண்டும் என்று பேச்சு. நானும் தலையாட்டியிருந்தேன். தலையாட்டத்தான் எனக்கு நன்றாக வருமே.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் ஓடும். கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக், காலுக்கு இரண்டு பெடல். மேலே பறக்கும் வரை பிரச்சினை இல்லை. கீழே இறங்க இறங்க, கட்டடம், மரம், ஓடுபாதை எல்லாவற்றுக்கும் ப்ராசசர் கணக்குப் போட வேண்டும். அங்கேதான் அதற்கு மூச்சு வாங்கும். படம் திக்கித் திக்கி நகரும். சக்கரம் தரையைத் தொடுகிற நொடியில் உறைந்துவிடும். மறுபடி உயிர் வரும்போது விமானம் புல்லில் கிடக்கும். எந்த நொடியைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ, அந்த நொடி மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைத்தெருவில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒருவரை எல்லோரும் ஸ்க்ரூ அண்ணன் என்பார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். அவரிடம் என் கம்ப்யூட்டர் போர்டில் பொருந்துகிற மாதிரி, கைமாறி வந்த ப்ராசசர் ஒன்று வாங்கினேன். கூடவே பிரிக்காத டப்பாவில் ஒரு கூலர். ப்ராசசரின் மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை இழுத்து, ஃபேன் வழியாக வெளியே தள்ளுகிற உலோகக் கட்டி அது.

ஓவர்க்ளாக் செய்யப்போகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். அதாவது ப்ராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பண்ணும்மா. ஆனா படிப்படியா ஏத்து. வோல்டேஜ் ரத்தக் கொதிப்பு மாதிரி. ஏறிடுச்சுன்னா ஆளு எந்திரிக்க மாட்டான்.”

படிப்படியாகத்தான் ஏற்றினேன். வேகத்தை ஒரு படி கூட்டுவேன். அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிடுவேன். சூடு எண்பத்தைந்தைத் தொட்டால் உடனே இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டிருந்தேன். இந்தச் சோதனையை நாளின் மிகச் சூடான நேரத்தில்தான் செய்ய வேண்டும். காலைக் குளிரில் தாங்குகிற வேகம் மதியத்தில் தாங்காது. அதனால்தான் மதியம். அக்காவும் அத்தானும் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் நான் மட்டும்.

முதல் நாள். சுவர் தெர்மாமீட்டரில் அறையின் வெப்பம் முப்பத்து மூன்று. திரையில் ப்ராசசரின் வெப்பமும் முப்பத்து மூன்று. சரிதான், இன்னும் வேலை கொடுக்கவில்லையே. முழுச் சுமையைக் கொடுத்தேன்.

முப்பத்து இரண்டு. முப்பத்து ஒன்று. இருபத்தொன்பது.

சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். காற்றால் குளிர்விக்கிற எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக முடியாது. இது கருத்து இல்லை, விதி. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி கூலரைத் தொட்டேன்.

ஜில்லென்று இருந்தது. விரலை எடுத்தேன். ஈரம்.

ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றேவிட்டது. சூடு இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? முழுச் சுமையில் ஓடுகிற கம்ப்யூட்டர், ஒரு சத்தமும் இல்லாமல். உலோகம் சுருங்கும் ஒலி மட்டும். டிக்... டிக்...

புத்தி உள்ளவர்கள் அங்கேயே அணைத்திருப்பார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் பாட்டில்கள் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றன. அணைக்கவில்லை. இன்னும் மூன்று படி ஏற்றினேன். சிமுலேட்டரைத் திறந்தேன்.

படம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஓடுபாதையின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. சக்கரம் தொட்ட நொடி முழுதாக என் கண்ணில் விழுந்தது. அழகான இறக்கம். சிரித்துவிட்டேன்.

இரண்டாவதும் அழகு. மூன்றாவதும். பக்கக் காற்றை எவ்வளவு கூட்டினாலும் அதே அழகு.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. நான் இவ்வளவு நன்றாக ஓட்டுபவள் இல்லை.

அன்று கவனித்துப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் இடது பெடல், என் கால் அழுத்துவதற்கு முன்பே உள்ளே போனது. ஜாய்ஸ்டிக் என் கையை மெல்ல இழுத்தது. மலிவான ஜாய்ஸ்டிக் அது. உள்ளே மோட்டார் கிடையாது. ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான்.

கையை எடுத்தேன். காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.

ஜாய்ஸ்டிக் அசைந்தது. பெடல் அசைந்தது. விமானம் காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி, நேராக்கி... பூப்போல இறங்கியது.

அப்போது மணி இரண்டு பத்து. கீழே பைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓடியிருக்கலாம். எனக்கு வந்தது கோபம். மூன்று நாட்களாக நான் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை. தேர்வு அறையில் இது வராது. அங்கே என் கை மட்டும்தான்.

விமானத்தை மறுபடி மேலே ஏற்றினேன். இறங்கத் திருப்பினேன். ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

அது இழுத்தது. நான் எதிராக இழுத்தேன்.

திரையின் மூலையில் எண் இறங்கியது. பதினெட்டு. பதினொன்று. ஆறு...

என் மூச்சு புகையாக வந்தது. வெயில் என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

வலது பக்கம் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை.

என் விரல்களின் மேல் விரல்கள்...

அப்போது கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவை. சுவர் அதிர்கிற மாதிரி.

“கையை எடுங்க மேடம். நான்தான் இறக்குவேன்.”

மேடமா? அறையில் யாரும் இல்லையே...

பிடி விட்டது.

விமானம் ஆடியது. மூக்கு தரையில் குத்தியது. நொறுங்கியது. அது நான் நொறுக்கியது. முழுக்க முழுக்க நான்.

எண் ஏறியது. நாற்பது. எழுபது. நூறு. ஃபேன் அலறியது. திரை கறுத்தது.

பிளாஸ்டிக் கருகும் வாசனை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கூலரைக் கழற்றினேன். புதுக் கூலரின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் அதை உரித்துவிட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மறப்பது. நானும் மறந்திருக்கிறேன். தாள் ஓரம் கருகி, அப்படியே ஒட்டியிருந்தது.

அதாவது, சூடு கூலருக்குப் போகவே வழி இல்லை. அந்த வேகத்தில் ப்ராசசர் சில நிமிடங்களிலேயே நூறைத் தொட்டு அணைந்திருக்க வேண்டும். மூன்று நாள் ஓடியிருக்கிறது.

ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை அந்தத் தாளில் ஒட்டியிருந்தது. ப்ராசசர் சதுரம். பசையும் சதுரமாகத்தான் பதிந்திருக்க வேண்டும். அதில் பதிந்திருந்தவை நான்கு விரல்கள், நெருக்கமாக, எதையோ அழுத்திப் பிடித்த மாதிரி. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவை நீளமானவை.

உரித்தேன். துடைத்தேன். புதுப் பசை தடவினேன். வேகத்தை இரண்டு படி குறைத்தேன். முழுச் சுமையில் எழுபத்தெட்டு டிகிரி காட்டியது. ஒரு எண்ணைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. படம் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திக்கியது. பரவாயில்லை. மிச்சமிருந்த நாட்களில் எத்தனை விமானங்களை நொறுக்கினேன் என்று கணக்கு இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் ஒன்றை இறக்கினேன். தவளை மாதிரி இரண்டு தடவை குதித்து நின்றது. ஆனால் நின்றது.

தேர்விலும் தவளைதான். தேர்வாளர் ஏதோ எழுதினார். “முரட்டுத்தனமா இறக்குறே. ஆனா கடைசிவரைக்கும் விடலை” என்றார். இடம் எனக்கு. அத்தான் அன்றைக்கு ஆய்வக நண்பருக்குப் போன் செய்துவிட்டு வந்து, இவள் வந்து இறங்கிவிடுவாளோ என்று இனிமேல் மொட்டை மாடியில் துணி காயப்போடப் பயமாக இருக்கும் என்றார். அக்கா சிரித்தாள்.

நல்ல செய்தி சொல்லத்தான் ஸ்க்ரூ அண்ணன் கடைக்குப் போனேன். நடந்த எதையும் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பறக்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

அந்த ப்ராசசர் மூடிப்போன ஒரு விமானப் பள்ளியின் பயிற்சி அறையிலிருந்து வந்தது என்றார். அங்கே ஒரு பயிற்சியாளர் அம்மா இருந்தாராம். கெட்டிக்காரி. ஆனால் எந்த மாணவியையும் தானாக இறக்க விடமாட்டாராம். வலது இருக்கையில் உட்கார்ந்து, கடைசி நொடியில் கைமேல் கை வைத்து அவரே இறக்கிவிடுவாராம். ஒரு நாள் நிஜ விமானத்தில், ஒரு மாணவி விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிராக இழுத்திருக்கிறார்கள்.

“ரெண்டு பேருமே போயிட்டாங்கம்மா. அந்தப் பொண்ணு வாயே திறக்காதாம். கடைசியா அது கத்தினது மட்டும் டவர்ல இருந்த டேப்புல பதிஞ்சிருக்கு.”

என்ன கத்தினாள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“‘கையை எடுங்க மேடம். நான்தான் இறக்குவேன்’னு.”

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தேன். அன்று என் வாயிலிருந்து வந்த குரல் யாருடையது? அவளுடையது என்றால், அது இன்னும் எனக்குள்தான் இருக்கிறது. அந்த மதியத்துக்குப் பிறகு அது போகவே இல்லை.

இருக்கட்டும். கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன்.

என் நிறுத்தம் வந்தது. எழுந்து நின்றேன்.

“இறங்கணும்” என்றேன்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்னை மட்டும் இல்லை. என் வலது பக்கத்துக் காலி இருக்கையையும், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதைப்போல.