வருவோம் என்று சொன்னவர்கள்

என் கணவர் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருந்தார். பெரிய உத்தியோகத்தர்களின் வீட்டு விருந்துகளுக்கு எங்களுக்கும் எப்போதாவது ஒரு கார்ட் வரும். அதன் அடியில் ஆர்.எஸ்.வி.பி. என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்து இருக்கும். வருகிறீர்களா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லும் எழுத்து அது என்று அவர் விளக்கினார். வெள்ளைக்காரன் விட்டுப்போனவற்றில் எனக்குப் பிடித்த ஒன்று அதுதான். வருகிறேன் என்றால் வர வேண்டும். முடியாதென்றால் முடியாது. அதில் என்ன கஷ்டம்?

ஆகவே, என் தங்கையின் கலியாணத்துக்கு அழைப்பிதழ் அடித்தபோது, கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'தங்கள் வருகையை முன்னரே அறியத் தரவும்.' அச்சுக்கூடக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, சோத்துக்குக் கணக்குப் பாக்கிறியளோ?" என்று சிரித்தார்.

அது தங்கையின் இரண்டாவது கலியாணம். முதல் கணவர் தம்பலகாமத்தில் வயலுக்குப் போன இடத்தில் யானை அடித்து இறந்தார். அப்போது கலியாணத்துக்கு அவள் கட்டிய பட்டுச் சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அதன் பிறகு சில வருடங்கள் என் வீட்டுக் குசினியிலேயே ஒதுங்கிக் கிடந்தாள். கட்டைபறிச்சானில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், எல்லாம் தெரிந்தே அவளைக் கேட்டு வந்தார். காலையில் கோயிலில் தாலி கட்டுவது, பின்னேரம் எங்கள் வீட்டில் விருந்து என்று முடிவானது.

நானும் கணவரும் குங்குமச் சிமிழோடு எங்கள் தெரு முழுவதும் ஏறி இறங்கினோம். தெருவில், ரோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியரின் வீட்டம்மா சொல்தான் சொல். அவர் என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். "நாங்கள் வராமல் வேற ஆர் பிள்ளை வாறது? கட்டாயம் வருவம்" என்று என் கையைப் பிடித்தார். மற்ற வீடுகளிலும் அதே 'கட்டாயம்'. மூலைக்கடை முஸ்லிம் நானாவின் மனைவி மட்டும் முந்தின நாளே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்: "கிண்ணியாவில எங்கட சொந்தத்தில ஒரு மௌத்து. வர ஏலாது, கோவிக்க வேணாம்." சாவு வீட்டுக்குப் போகிறவர்மேல் எனக்கு ஏன் கோபம்? என் அழைப்பிதழின் கடைசி வரியை வாசித்த ஒரே வீடு அது.

விருந்தன்று மாப்பிள்ளை வீட்டார் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து இறங்கினார்கள். உப்புக்காற்றில் நனைந்த சேலைகளோடு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, விரிகுடாவைக் கடந்து வந்தார்கள். அவர்கள் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த கதிரைகள் வெறுமையாக இருந்தன. எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. பொழுது சாய்ந்தது, விளக்குகள் ஏற்றினோம், வரவில்லை. எதிர்வீடுகளிலும் விளக்கு எரிந்தது. ஆட்கள் நடமாடுவதும் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாயார் மெதுவாக என்னிடம் கேட்டார்: "உங்கட பக்கத்தில ஆக்கள் குறைவோ, பிள்ளை?" நான் பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் வாசலுக்குப் போனேன். வாய் திறந்திருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மிஞ்சிய சோற்றையும் கறியையும் என் கணவர் வண்டியில் ஏற்றித் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். பலகாரம் மிஞ்சிக் கிடந்தது. மறுநாள் காலை அதைக் கடதாசியில் சரை சரையாகச் சுற்றிக் கூடையில் வைத்தேன். "விடும்" என்றார் கணவர். விடவில்லை. வீடு வீடாகப் போனேன்.

ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாம். அந்தப் பிள்ளை முற்றத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் மறந்துபோனார்களாம். பக்கத்து வீட்டு மருமகள்தான் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னாள். "மாமி விடேல்லை, அக்கா. யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். பொம்பிளை வடிவாத்தான் இருந்தா." அவள் கையில் இரண்டு சரை வைத்தேன்.

கடைசியாக ஓவசியர் வீடு. அம்மா சிரித்தபடி வந்தார்.

"மழை வரும்போல கிடந்தது பிள்ளை, அதுதான்..."

"வர ஏலாதெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"வீடு தேடி வந்து கேக்கேக்க முகத்துக்கு நேர எப்பிடி மாட்டமெண்டு சொல்லுறது? அது மரியாதையில்லையே."

"ஓமெண்டு சொல்லிப்போட்டு எங்களைக் காக்க வைச்சது மரியாதையோ?"

அவருடைய சிரிப்பு போனது. "புருஷன் செத்த பெட்டைக்குக் கலியாணமெண்டால் சத்தமில்லாமல் முடிச்சிருக்கலாம். கார்டும் அடிச்சு, பதிலும் கேட்டு... உமக்கு ஏன் இந்த எடுப்பு?"

சொல்லிக்கொண்டே பலகாரத்துக்குக் கை நீட்டினார். அந்தச் சரையைத் திரும்பவும் கூடைக்குள் போட்டேன். "இது கலியாணத்துக்கு வந்த ஆக்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அதே அம்மா, மகளின் கலியாணத்துக்கு அழைக்கக் கணவரோடு என் வாசலில் வந்து நின்றார். அழகான, கனத்த கார்ட். குங்குமம் எடுத்துக்கொண்டேன். "பிள்ளை நல்லா இருக்கட்டும். நாங்கள் வரமாட்டம்" என்றேன்.

ஓவசியர் நிலத்தைப் பார்த்தார். அம்மாவுக்கு முகம் சிவந்தது. "வராட்டிலும் பரவாயில்லை, வாறமெண்டு சொல்லும். நல்ல காரியத்துக்கு வந்து நிக்கிறம்."

"வரமாட்டம் எண்டுதான் சொல்லுறன், அக்கா. எங்கள் ரெண்டு பேருக்கும் சேத்துச் சமைக்க வேண்டாம்."

அன்றிலிருந்து தெருவில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். பொய் சொன்னவர்களுக்கு ஒரு பேரும் இல்லை.

கலியாணத்தன்று காலை லோஞ்சில் தங்கை வந்தாள், பட்டுச்சேலையும் இடுப்பில் பிள்ளையுமாக. ஓவசியர் வீட்டிலிருந்து அவர்களுக்கும் கார்ட் போயிருக்கிறது! "அக்கா, நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "உனக்கு வெக்கமில்லையோ? அண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. கதிரையெல்லாம் சும்மா கிடந்தது."

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நான் கதிரையைப் பாக்கேல்லை அக்கா. அண்டைக்கு முழுக்க இவரைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

சொல்லிவிட்டுக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மன்னிக்கலாம். மன்னிக்க அவளுக்கு ஒரு வாழ்க்கை கிடைத்திருந்தது. அன்று வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவள் நான். இத்தனை காலம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

கலியாண வீட்டு ஒலிபெருக்கி அலறத் தொடங்கியபோது, கணவர் வெள்ளைச் சேட்டோடு அறை வாசலில் நின்றார். "தலையைக் காட்டிப்போட்டு வருவமோ?"

"நீங்கள் போங்கோ" என்றேன். குசினிக்குள் போய், காலையில் வாங்கிவைத்த பாரை மீனை அரிந்து, தெருவுக்கே மணக்கக் குழம்பு வைத்தேன். அவர் சேட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு வந்து சாப்பிட இருந்தார்.