சொல்லாமல் போன செத்தவீடு

தியாகலிங்கம் முப்பத்தொரு வருடம் உபதபாலகத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் ஊருக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான். முத்திரை கோணலாக ஒட்டியிருந்தால், ஒட்டியவரின் வளர்ப்பையே சந்தேகிக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் நல்லூர் ஒழுங்கைகளில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பூதம் பிடித்துத் திரிந்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் திரிந்தார்.

பழியைச் சீனி வருத்தத்தின் மேல் போடலாம். ஒரு நாளைக்கு ஐயாயிரம் காலடி நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்ல, இவர் வாசல் படலைவரை நடந்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். கனடாவிலிருந்து லீவில் வந்த மகள் லவீனாதான் அந்த விளையாட்டைப் போனில் போட்டுக் கொடுத்தாள். போனைத் தெருவுக்குக் காட்டினால் தெரு தெரியும். தெருவில் இல்லாத பூதமும் தெரியும். மதிலில் குந்தியிருக்கும், தண்ணீர்த் தாங்கியின் கீழே நித்திரை கொள்ளும். கிட்டப் போய்த் திரையில் விரலால் வளையம் எறிந்தால் பிடிபடும். நடக்காதவனுக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் கிழமை மகளுக்காக நடந்தார், பிறகு தனக்காக நடந்தார். மூன்றாம் மாதம் சீனி குறைந்தது. சீனி குறைய விசர் கூடிவிட்டது என்றாள் மனைவி குணலட்சுமி.

இனி நாகலிங்கத்தின் கதை. நாகலிங்கம் பக்கத்து ஒழுங்கையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இருவரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நகமும் சதையும்போல. பதினொரு வருடத்துக்கு முன்னர் நாகலிங்கத்தின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாண வீடென்றால் புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும். அது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். தியாகலிங்கத்துக்கோ கார்ட் தபாலில் வந்தது. அவருடைய தபாலகத்துக்கே வந்தது. அந்த உறையின்மேல் திகதி முத்திரையைக் குத்தியதும் அவருடைய கைதான்.

கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அந்தக் கிழமை நாகலிங்கம் வயிற்று ஒப்பரேசன் செய்து கட்டிலில் கிடந்தார் என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும், ஏறின மரத்தால் இறங்க இவருக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயில் வீதியில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

போன மாதம் நாகலிங்கம் இறந்துபோனார். குணலட்சுமி முதல்நாளே போய் அழுதுவிட்டு வந்து, இவரையும் கூப்பிட்டாள். அந்தப் படலையை மிதிக்கமாட்டேன் என்றார் தியாகலிங்கம். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. இத்தனை வருடம் பிடித்த பிடியை எந்த முகத்தோடு விடுவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணி. வழக்கம்போல நடக்கப் போனவரின் போன் துடித்தது. இரண்டு மாதமாக அவருக்குத் தப்பித் திரிந்த நீலப் பூதம் கிட்டத்தில் நிற்கிறதாம், இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் மறைந்துவிடுமாம். அம்புக்குறி நாகலிங்கத்தின் ஒழுங்கையைக் காட்டியது. பறைச் சத்தம் காதில் விழத்தான் செய்தது. படலையோடு ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரலாம், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எண்ணினார். படலையில் நின்று பார்த்தால் பூதம் இன்னும் உள்ளே. ஓரடி வைத்தார். பிறகு இன்னோர் அடி.

பந்தலுக்குள் கதிரைகளில் இருந்த ஆம்பிளைகள் எழுந்துவிட்டார்கள். யாரோ அவருடைய கையைப் பிடித்தார்கள், யாரோ வழிவிட்டார்கள். சனம் கூட்டிக்கொண்டு போக, அவர் நாகலிங்கத்தின் தலைமாட்டில் நின்றார்.

நாகலிங்கத்தின் மனைவி கனகாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டிப் பக்கம் குனிந்து, புருஷனை எழுப்புகிற குரலில் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை போஸ்ட்மாஸ்டர் வந்திருக்கிறார். கண்ணை முழிச்சுப் பாருங்கோ. அண்ணை வந்திட்டார்."

சுற்றியிருந்த பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். தியாகலிங்கம் தலையைக் குனிந்தார். தாழ்ந்திருந்த கையில் போன் இன்னும் திறந்துதான் கிடந்தது. திரையில் நாகலிங்கம் வெள்ளை வேட்டியோடு படுத்திருந்தார். அவருடைய நெஞ்சின்மேல் நீலப் பூதம் துள்ளித் துள்ளி ஆடியது. கால்மாட்டில் இருந்த இளைய மகள் கீர்த்திகா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கம்பஸுக்குப் போகும் வழியில் அதே பூதங்களைப் பிடிக்கிறவள்தான்.

அவர் போனைச் சேர்ட் பைக்குள் திணித்தார். அப்போது ஒரு கிழவர், உமக்கு யார் சொன்னது என்று கேட்டார். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். அவருடைய வாயோ வேறொன்றைச் சொன்னது.

"கெட்டதுக்குச் சொல்லவேணுமே?"

நல்லதுக்குச் சொல்லிப் போகவேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமல் போகவேண்டும் என்பது தெரிந்த சனம் அது. பெரிய மனிசன் எண்டால் உவர்தான் என்று பந்தலுக்குள் கதைத்துக்கொண்டார்கள். வாய்க்கரிசி போடும்போது கனகாம்பிகை அவரையும் கூப்பிட்டாள். வளையம் எறிய வைத்திருந்த விரல்களால் நண்பனுக்கு அரிசி போட்டார். அப்போதுதான் அழுகை வந்தது. அது நாகலிங்கத்துக்காக வந்ததா, தன் கேவலத்துக்காக வந்ததா என்று அவருக்கே விளங்கவில்லை. சுடலைவரை நடந்துபோனார். வீட்டுக்கு வந்து போனை எடுத்தால், சுடலைக்குப் போன அடிகளையும் சேர்த்து எண்ணி, இன்று அபாரமாக நடந்தீர்கள் என்று அது அவரைப் பாராட்டியிருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஊர் அவரை விடவில்லை. சங்கக்கடையிலும் கோயிலிலும் அவருடைய பெருந்தன்மைதான் பேச்சு. குணலட்சுமிகூடக் கொஞ்சம் பெருமைப்பட்டாள். ஏச்சு என்றால் வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம். பாராட்டைக் கேட்கக் கேட்க அவருக்குக் கூசியது.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு நாலு நாள் இருக்கையில் கீர்த்திகா சைக்கிளில் வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"மாமா, புதன்கிழமை கீரிமலையில அந்தியேட்டி. உங்களுக்கு வீட்டை போய்த்தான் சொல்லவேணுமெண்டு அம்மா அனுப்பினவ. போன முறை விட்ட பிழையை இந்த முறை விடக்கூடாதாம்."

பதினொரு வருடமாக அவர் காத்திருந்த சொல் வீடு தேடி வந்து நின்றது. தியாகலிங்கத்தால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. குணலட்சுமி குசினிக்குள் தேத்தண்ணி போடப் போனதும் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு நீ பாத்தனிதானே?"

"ஓம். பாத்தனான்."

"அம்மாட்டை..."

"சொல்லேல்லை. நீங்கள் வருவியள் எண்டு அவ ரெண்டு நாளாய்ப் படலையைப் பாத்துக்கொண்டிருந்தவ. நீங்களும் சொல்லாதேங்கோ."

அவர் தலையாட்டினார். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சைக்கிளைத் திருப்பி, படலையடியில் நின்றாள்.

"புதன்கிழமை போனை வீட்டை வைச்சிட்டு வாங்கோ மாமா."

ஓம் பிள்ளை என்றார் அவர். சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது.