ஆளில்லாத வலை

நான் பேயை நம்பாததற்குப் பகுத்தறிவெல்லாம் காரணமில்லை. கலாநிதிப் பட்டத்துக்காக வருஷக்கணக்கில் லயத்துக் கழிவுநீரிலும் நுளம்புக் கடியிலும் புரண்டுகொண்டிருக்கிற ஒருத்தனைப் பார்த்தால் பேயே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகும் என்று நினைத்திருந்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டே படியுங்கள், எனக்குக் கோபமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்க அங்கே புதிதாகத் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். இந்தக் குளிரிலும் டெங்கு வருகிறதே, தொட்டிப் பக்கத்து நுளம்புகள் அந்த வைரஸைச் சுமக்கின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி. தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் செல்வண்ணன். பொழுது சாயும்போது அவரும் நானும் ஆளுக்கொரு வலைக்குள் கதிரை போட்டு உட்காருவோம். அந்த வலைக்கு வெளியே இன்னொரு பெரிய வலை, அடியில் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கும். மனித மூச்சை மோப்பம் பிடித்து வருகிற நுளம்பு இரண்டு வலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதாவது தூண்டில் புழு உத்தியோகம். அதற்குத்தான் இத்தனை படித்தேன்.

செல்வண்ணன் குளிருக்குக் கால்களைக் கதிரைமேல் தூக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார். "தம்பிக்கு ஒண்ணுமே விழல, எனக்குப் பாருங்க," என்று சீண்டுவார். "படிச்ச ரத்தம் ருசியில்ல போல."

அவருக்கே டெங்கு வந்தது. தொட்டியடியில் எங்கோ கடித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. அவருடைய சம்சாரம் லெச்சுமியக்கா பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தார். நான் அவருடைய வலையைக் கழற்றவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாத வலை ஒன்று வேண்டும், அதில் நுளம்பு விழக்கூடாது, விழுந்தால் என் ஆராய்ச்சியே தலைகீழ்.

ஒருநாள் மாலை என் வலையில் ஒன்றுமே விழவில்லை. பனிமூட்டம்தான் காரணம் என்று நினைத்துத் தற்செயலாகப் பக்கத்து வலையைப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், உள் வலைமேல் நுளம்புகள் கறுப்பாக அப்பிக்கிடந்தன, அப்பிய இடம் ஓர் ஆள் உருவம். குனிந்த முதுகு, கட்டிய முழங்கால். டோர்ச்சை அடித்தேன். எல்லாவற்றுக்கும் வயிறு சிவந்து உப்பியிருந்தது. கதிரையில் யாருமில்லை. ஒரு விஞ்ஞானி உடனே குறிப்பெடுக்க வேண்டும். நான் செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் லெச்சுமியக்கா பஸ்ஸை விட்டு இறங்கித் தொட்டியடிப் பாதையால் வந்தார். "இனி நம்ம கையில இல்லன்னு டொக்டர் சொல்லிட்டாரு தம்பி," என்றவர் வலையைப் பார்த்ததும் நின்றார். பயப்படவில்லை. கிட்டே போய் வெளி வலையைத் தூக்கினார்.

"இங்கதான் ஒக்காந்திருக்கீங்களா? பனி கொட்டுது, எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்."

சொல்லிவிட்டு லயத்துப் படியில் ஏறினார். நுளம்புகள் மொத்தமாக எழும்பி, ஓர் ஆள் உயரத்துக்கு, ஓரடி பின்னால் அவரைத் தொடர்ந்து போயின. அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

அன்று இரவு செல்வண்ணன் கண் திறந்தார். கொஞ்ச நாளில் நல்லபடியாக வீட்டுக்கும் வந்துவிட்டார். அந்த மாலை ஆளில்லாத வலையில் நுளம்பு விழுந்ததைக் கேட்ட என் பேராசிரியர், வலையை எனக்கு ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்றார். நானும் அதையே நம்ப ஆசைப்பட்டேன். செல்வண்ணன் தேறியதும் அவரை மறுபடி வலைக்குள் உட்காரவைத்தேன். ஒரு நுளம்புகூட அவரிடம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் என்னைச் சீண்டவுமில்லை, நுளம்பு விழாத தன் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இதுதான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது. வாங்குப் பலகையின் ஒரு ஓரத்தில் நான், பக்கத்தில் செல்வண்ணன். மற்ற ஓரம் காலி, அதற்கு மேலேதான் வீட்டு நுளம்பு முழுக்க மொய்த்துக்கொண்டிருந்தது. லெச்சுமியக்கா எனக்கொரு பால் கலக்காத பிளேன்டி, அவருக்கொன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் காலி ஓரத்தில் வைத்தார்.

"யாருக்குக்கா?" என்றேன்.

"ஆறிரும், நீங்க குடிங்க தம்பி."

செல்வண்ணன் என் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக்கு இடம் விட்டார்.