கொழுந்தன் கூறு போட்ட ஹார்ட் டிஸ்க்

தெருவில் அவளுக்கு 'ஊசிக்காரி' என்று பெயர். மெஷின் எம்பிராய்டரி போடுகிறவள். கோபம் வந்தால் அடுத்த தெரு நாயும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கோபத்துக்குக் காரணம் கொழுந்தன். போன வருஷம் கம்ப்யூட்டரில் லினக்ஸ் சிஸ்டம் போட்டுக் கொடுத்தான். டிஸ்க்கில் சிஸ்டமும் அவள் டிசைன்களும் ஒரே பார்ட்டிஷனில், ஒரே கூறில். ஒருநாள் சிஸ்டம் எழுந்திருக்கவில்லை. "ஒரு நிமிஷம் அண்ணி" என்று மறுபடி லினக்ஸ் போட்டான். மயில், மாங்காய், பள்ளிக்கூட பேட்ஜ் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரிப் போயின. கண் பூத்துப்போக அத்தனையையும் திரும்ப வரைந்தாள். பழைய டிஸ்க்கும் இப்போது செத்துவிட்டதால், அவை இருப்பது வெளியே சொருகும் டிஸ்க் ஒன்றில் மட்டும்தான்.

புது டிஸ்க் மாட்டி, கொழுந்தன் மறுபடி உட்கார்ந்தான். அவள் இடுப்பில் கைவைத்துப் பின்னால் நின்றாள்.

"இந்தத் தடவ உங்க ஃபைல் எல்லாம் இருக்கிற ஹோம் தனி பார்ட்டிஷன் அண்ணி. சிஸ்டம் நாசமாப் போனாலும் உங்க டிசைன் அசையாது."

"எவ்வளவு குடுத்த?"

"சிஸ்டத்துக்கு ஐநூறு ஜிபி. மெமரி பத்தாதப்போ எடுத்துக்க ஸ்வாப்புக்கு எட்டு. மிச்சம் நானூத்திச் சொச்சம் உங்களுக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிஸ்டத்துக்கு அம்பது போதும்னு நேத்து நீதானடா சொன்ன? சும்மா குந்தியிருக்கிறதுக்குப் பாதி வீடு, உழைக்கிறவளுக்கு மிச்சமா? எந்த ஊரு நியாயம்டா இது?"

"தாராளமா இருக்கட்டுமேன்னு..."

"உங்கப்பன் வீட்டுச் சொத்தா, தாராளம் காட்ட? நாம வாங்கின புது டிஸ்க்கே ஐநூறு. அதுல ஐநூறு அதுக்குப் போச்சுன்னா எனக்கு நானூறு எங்கேருந்துடா வந்துச்சு?"

அவன் விரல், டிஸ்க்கை அழித்துக் கூறு போடும் பொத்தான் மேல் அப்படியே நின்றது. திரையை உற்றுப் பார்த்தான். "லிஸ்ட்ல இருக்கிறதுலயே பெரிய டிஸ்க்கைத்தான் எடுத்தேன் அண்ணி..."

பெரியது, அவள் டிசைன்கள் இருக்கும், வெளியே சொருகிய டிஸ்க். 'அப்புறம் காப்பி பண்ண வசதி' என்று அவனே முன்கூட்டிச் சொருகி வைத்தது.

வயரை அவள் பிடுங்கிய வேகத்தில் மேசையே ஒரு அடி நகர்ந்தது.

"ஒரு தடவ பத்தாதாடா உனக்கு?"

"இன்னும் அமுக்கல அண்ணி! சத்தியமா அமுக்கல! என் மேல நம்பிக்கையே இல்லையா?"

"உன் மேல இருக்கு. உன் விரல் மேலதான் இல்ல."

டிஸ்க்கை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாற்காலியிலிருந்து அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள்.

"சொல்லு. சிஸ்டத்துக்கு அம்பது. அத எங்க அடிக்கணும்?"