யாரு கை இது?

1. பாடி

எங்கள் கடையில் ‘பாடி’ என்றால் பிணம் இல்லை. தலை இல்லாத உடம்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கூப்பிய கைகள், பாக்கெட்டில் பேனா. பிறந்தநாளோ கண்ணீர் அஞ்சலியோ, வாடிக்கையாளர் கொண்டுவரும் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி இந்தப் பாடியின் மேல் உட்கார வைத்தால் ஆள் ரெடி. பெருங்களத்தூரில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்த முதல் நாளே ஓனர் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். “கழுத்து ஜாயின்ட் தெரியக் கூடாதும்மா. அவ்ளோதான் நம்ம தொழில்” என்றார்.

அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ரோட்டோரம் கும்பிட்டுக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேர் என் கைவேலை. பாடியின் நிஜச் சொந்தக்காரர் ஒரு மனை வியாபாரி. ஏதோ லேஅவுட் திறப்பு விழா பேனருக்காகப் படம் கொடுத்தவர். உடம்பு அம்சமாக இருந்ததால் அவர் தலையைக் கழற்றிவிட்டு மிச்சத்தை நாங்களே வைத்துக்கொண்டோம். அவருக்கு இது தெரியாது. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை. இப்போது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

2. ‘டீசன்ட்’

பிரபு என்ற பையன் கடைக்கு வந்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா ஏழுமலை இறந்துவிட்டார், காரியத்தன்று படத்திறப்பு வைக்க வேண்டும் என்றான். போனில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. கல்யாணப் பந்தியில் எடுத்தது. தலையில் துண்டு, இடது கையில் சாம்பார் வாளி, வலது கையில் கரண்டி, குனிந்தபடி யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். மற்ற படங்களில் எல்லாம் அவர் பாதி முதுகுதானாம். எந்த விசேஷத்திலும் நின்று போஸ் கொடுக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

படத்துக்குக் கீழே போட நாலு வரி வேண்டுமே என்று அப்பாவைப் பற்றிக் கேட்டேன். இழுத்து இழுத்துத்தான் சொன்னான். படப்பைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். சுற்றி எல்லாம் பிளாட் ஆன பிறகும் இருந்த துண்டு நிலத்தில் நெல் போட்டார். ஊரில் சாவு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவார். அடைமழையில் ஏரி மதகை விட்டு நகர மாட்டார். அதற்காக வீட்டையும் விட்டவரில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, இவனை டிப்ளமோ படிக்க வைத்தார்.

நான் எல்லோருக்கும் போடுகிற ‘சமூக சேவகர்’ என்ற வார்த்தையை டைப் அடித்தேன். அப்போது அவன் குரலைத் தாழ்த்தி, “அந்த வாளி வேணாம்க்கா. ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. கொஞ்சம் டீசன்டா பண்ணிடுங்க” என்றான்.

வாளியில் என்ன கேவலம் என்று நான் கேட்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டதுதான், செய்து கொடுத்ததுதான். முகத்தைப் பெரிதாக்கி மீசையை முடி முடியாக வெட்டினேன். கழுத்துக்குக் கீழே எப்படியும் தூக்கிப் போடப் போகிற பாகம். அதைப் பார்க்கவே இல்லை. டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும், “சூப்பர்க்கா” என்று பதில் வந்தது.

3. படத்திறப்பு

என் வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால் காரியத்தன்று ஃபிரேம் போட்ட படத்தை நானே எடுத்துப் போனேன். பந்தல் நிறைய ஜனம். ஊர்ப் பெரியவர் ஒருவர் துணியை விலக்கினார்.

முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு பின்னாலிருந்து ஒருத்தர், “இன்னாடா இது, ஏழுமலைக்கு வெரல் மொளைச்சிகீது” என்றார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஊர்க்கார அம்மா ஒருவர்தான் சொன்னார். ஒரு மழையில் ஏரி நிரம்பி மதகு ஷட்டர் சிக்கிக்கொண்டதாம். ஏழுமலை கையை விட்டு நெம்பும்போது இரும்புப் பலகை இறங்கி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஊருக்குள் தண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து மூன்று விரலால்தான் ஊர்ப் பந்தி எல்லாம் பரிமாறினாராம். இலையில் குனிந்து சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தே ‘அண்ணே, கொஞ்சம் ரசம்’ என்பார்களாம்.

நான் அவருக்குப் பத்து விரலும் கொடுத்திருந்தேன். போதாததற்கு ஒன்றில் கல் வைத்த மோதிரம்.

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா எழுந்து வந்தார். பந்தலில் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியின் மேல் விரல் வைத்து அந்தக் கைகளைத் தடவிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, “யாரு கை இது?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மனை வியாபாரி கை என்று எப்படிச் சொல்வது? “கம்ப்யூட்டர்ல இருந்ததும்மா” என்றேன். பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கன்னியம்மா படத்தில் கிடந்த மாலையைக் கீழே இழுத்து, கைகள் தெரியாதபடி பூவைப் பரப்பிவிட்டார். முகம் மட்டும் தெரிந்தது. “ம், இப்ப வந்து கும்புடுங்க” என்றார். ஜனம் வரிசையாக வந்தது. நானும் கும்பிட்டேன். என் கையைப் பார்க்க எனக்கே கூசியது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பந்தியில் உட்கார மனம் வரவில்லை.

4. மறுநாள்

மறுநாள் பிரபு கடைக்கு வந்தான். அவன் கேட்பதற்கு முன்பே பழைய படத்தை முழுசாகத் திறந்து வைத்திருந்தேன். வாளி, கரண்டி, துண்டு எல்லாம் இருந்தன. கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பெரிதாக்கினேன். மூன்று விரல் பளிச்சென்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டா வேலை பார்த்தேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“தம்பி, நீங்களாவது டிசைன் பாத்தப்ப சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“பாத்தேன்க்கா. பத்து விரலும் இருந்துச்சு. நல்லா இருக்கேன்னுதான் விட்டுட்டேன்.”

திரையில் அந்தக் கையின் மேல் விரலை வைத்தான். பிறகு சொன்னான்: “சின்னதுல இந்தக் கையப் புடிச்சிக்கினுதான் ஸ்கூலுக்குப் போவேன். எட்டாவதுல பசங்க கிண்டல் பண்ணாங்க. அப்புறம் புடிக்கவே இல்லக்கா.”

அவன் வெட்கப்பட்டதை வெட்டிக் கொடுத்தது நான்தானே. படத்தில் எதையும் தொடாமல் அப்படியே பிரின்ட் கொடுத்தேன். ‘சமூக சேவகர்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். அங்கே வேறு என்ன போடலாம் என்று கேட்டேன். வெறும் பேர் போதும், ஊருக்குத் தெரியும் என்றான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். கழுத்து ஜாயின்ட் பழகப் பழக வந்துவிடும். தலையை வெட்டுவதற்கு முன்னால் கையைப் பாருங்கள்.